உசம்பரா மலையின் ஊதாப் பூ

கிழக்காப்பிரிக்காவில், இந்துமகா சமுத்திரக் கரையிலுள்ள டாங்கா என்னும் துறைமுகப் பட்டினத்துக்கு மேற்கே, கடற்காற்றின் ஈரத்தைத் தடுத்து நிறுத்தி மழையாக இறக்கிக்கொள்ளும் மலைத்தொடர் ஒன்று இருக்கிறது. உசம்பரா என்பது அதன் பெயர். மிகப் புராதனமான அந்த மலையின் காடுகள், சுற்றிலுமுள்ள சமவெளிகள் வறண்டுபோன யுகங்களிலும் கடலின் தயவால் பசுமை குன்றாமல் நின்று, வேறெங்கும் காணக்கிடைக்காத செடிகொடிகளையும் ஜீவராசிகளையும் தம்முள்ளே காத்து வந்திருக்கின்றன. அந்தக் காட்டின் அடித்தளத்தில், பெருமரங்களின் நிழலுக்குள், வெயில் நேராக விழாத பாறை இடுக்குகளில், ஒரு கைப்பிடி மக்கிய இலைமண்ணைப் பற்றிக்கொண்டு, ரோமம் அடர்ந்த இலைகளை வட்டமாக விரித்து, நடுவிலே ஊதா நிறச் சிறு பூக்களைத் தாங்கி நிற்கும் செடியைத்தான் இன்று குளிர்தேசங்களின் எண்ணற்ற வீடுகளில் ஜன்னல் விளிம்புகளில் வைத்து ஆப்பிரிக்க வயலட் என்று கொண்டாடுகிறார்கள்.

இந்தச் செடியின் சரித்திரத்தைப் பெரும்பாலும் அதைக் கண்டெடுத்த பிரபுவின் கதையாகவோ, விதை விற்ற கம்பெனிகளின் கதையாகவோ சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது அரைச் சரித்திரம் என்பது என் அபிப்பிராயம். காட்டை விட்டு வெளியேறிய இந்தச் செடி வீட்டுக்குள் குடிபுகுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த முப்பது ஆண்டுகளில் மாறியது செடியின் ஸ்வபாவம் அல்ல, மேல்நாட்டு வீடுகளின் அமைப்பு. வீடு மாறிய பிறகு, அந்தச் செடி எந்தப் பாறையில் பிறந்ததோ அந்தப் பாறையின் நிழலையும் ஈரத்தையும் தம் அறைகளில் எப்படி உண்டாக்குவது என்பதைச் சாமானியக் குடும்பத்தினர் பொறுமையோடு கற்றுக்கொண்டார்கள். அவர்கள் கற்ற அந்தப் பாடமே இச்செடியின் சரித்திரத்தில் பாதிக்கு மேற்பட்டது.

1892ஆம் ஆண்டில் அந்தப் பிரதேசம் ஜெர்மானியக் கிழக்காப்பிரிக்கா என்ற பெயரால் ஜெர்மன் ஆட்சியின் கீழ் இருந்தது. டாங்காவில் அதிகாரியாக இருந்த பாரன் வால்டர் ஃபான் செயின்ட் பால்-இலேர் என்பவர் இச்செடியைக் கண்டு, சைலீஷியாவில் வசித்தவரும் மரஞ்செடிகளில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவருமான தம் தந்தைக்கு அனுப்பிவைத்தார். தந்தை அதை ஹனோவர் நகரின் ஹெரன்ஹௌசன் அரசாங்கத் தோட்டத்துக்கு இயக்குநராக இருந்த ஹெர்மன் வெண்ட்லாண்டிடம் சேர்ப்பித்தார். வெண்ட்லாண்ட் 1893இல் அதை ஒரு புதிய பேரினமாக விவரித்து, தந்தை மகன் இருவருடைய குடும்பப் பெயரால் செயின்ட்பாலியா என்று அழைத்தார். அதே ஆண்டு பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் நடந்த சர்வதேசத் தோட்டக்கலைக் கண்காட்சியில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. எர்ஃபுர்ட் நகரின் எர்ன்ஸ்ட் பெனாரி விதைக் கம்பெனி அதன் விதைகளை விற்கத் தொடங்கியது. 1895இல் இங்கிலாந்தின் கர்டிஸ் தாவரச் சஞ்சிகையில் வர்ணச் சித்திரமும் வெளியாகிவிட்டது. இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, ஸான்ஸிபாரில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த சர் ஜான் கிர்க் இதே செடியின் உலர்ந்த மாதிரியை லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பியிருந்தார். ஆனால் அந்த மாதிரி பெயர் சூட்டுவதற்குப் போதுமானதாக இல்லாமையால் அலமாரியிலேயே தங்கிவிட்டது. உலர்ந்த செடி அனுப்பியவருக்குக் கிட்டாத கீர்த்தி, உயிருள்ள செடி அனுப்பியவருக்குக் கிட்டிற்று. உசம்பரா மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, அந்தப் பாறைகளின் வழியே நாள்தோறும் நடந்துகொண்டிருந்த ஷம்பா மக்களுடைய பெயர் ஒன்றுகூட இந்தக் கதையில் இடம்பெறவில்லை என்பதையும் இங்கே சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை.

இரண்டு இடங்களில் அந்தச் செடி காணப்பட்டதாக வெண்ட்லாண்டின் காலத்துக் குறிப்புகள் கூறுகின்றன. ஒன்று, டாங்காவிலிருந்து ஒரு மணி நேரப் பிரயாணத்தில், கடல்மட்டத்துக்குச் சற்றே மேலான சுண்ணாம்புப் பாறைகளின் வெடிப்பு. மற்றொன்று, ஏறக்குறைய 2500 அடி உயரத்தில் மலைக்காட்டின் கருங்கற்பாறை. இரண்டு இடங்களுக்கும் பொதுவாக இருந்தவை மூன்று: நிழல், காற்றின் ஈரம், வேருக்கு அடியில் நீர் தேங்காத பாறை. இந்த மூன்றையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

ஊதாப் பூ டாங்காவை விட்டுப் புறப்பட்ட அதே காலத்தில் வேறொரு செடி அங்கே வந்து இறங்கியது. ரிச்சர்ட் ஹிண்டார்ஃப் என்னும் ஜெர்மானியர் அமெரிக்காவின் ஃப்ளாரிடாவிலிருந்து சிசால் கற்றாழைக் கன்றுகளை வரவழைத்தார். ஆயிரம் கன்றுகள் கேட்கப்பட்டு, 1893இல் டாங்காவில் உயிரோடு கரையேறியவை 62 மட்டுமே. அந்த 62 கன்றுகளின் சந்ததி பெருகி, டாங்காவைச் சுற்றிய சமவெளி முழுவதும் கயிற்று நாருக்கான கற்றாழைத் தோட்டங்களாயிற்று. மலையின் மேலோ, அதே பத்தாண்டுகளில் காடு அழிக்கப்பட்டுக் காப்பி பயிரிடப்பட்டது. செழித்த காட்டின் கீழே செழித்த மண் இருக்கும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். சில ஆண்டுகளில் விளைச்சல் குன்றிப்போயிற்று. ஒரே அரசாங்கத்தின் ஒரு கை பூவை அனுப்பிவைக்க, மற்றொரு கை அந்தப் பூவின் நிழலை வெட்டிக்கொண்டிருந்தது என்பதே மெய். 1902இல் அங்கே அமானி என்னுமிடத்தில் தாவர ஆராய்ச்சி நிலையம் ஒன்றை ஜெர்மானியர் நிறுவினார்கள். அதற்குள் காட்டில் கணிசமான பகுதி போய்விட்டது.

ஐரோப்பாவை அடைந்த செடிக்கு முதலில் வாய்த்த இடம் கண்ணாடிப் பசுமைக்கூடம். செல்வர்களின் தோட்டங்களில், பூமத்தியரேகைப் பிரதேசத்துச் செடிகளுக்கென்று நிலக்கரி மூட்டி உஷ்ணமூட்டப்பட்ட கூடங்களில், தேர்ந்த தோட்டக்காரர்களின் பார்வையில் அது வளர்ந்தது. பூத்தபோது எடுத்துவந்து விருந்து மேசையில் வைப்பார்கள். பூ முடிந்ததும் மீண்டும் கூடத்துக்குப் போய்விடும். அமெரிக்காவுக்கும் 1890களிலேயே அது சென்றிருந்தது. ஆயினும் எங்குமே அது வீட்டுச் செடியாகவில்லை. மிகக் கோமளமானது, சாதாரண மனிதர்களால் வளர்க்கவொண்ணாதது என்ற பெயரே அதற்கு நிலைத்தது.

அதன் காரணத்தை அறிய, அக்காலத்து மேல்நாட்டு வீடு எப்படியிருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். கணப்பில் கரி எரியும் அறை மட்டும் சூடாக இருக்கும். நெருப்பு அணைந்த பின்னிரவில் ஜன்னலோரம் உறைபனிக்குச் சமமான குளிராகிவிடும். விளக்கு என்பது நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவை எரிக்கும் விளக்கு. குழாய்களிலிருந்து சிறுகச் சிறுகக் கசிந்த அந்த வாயுவில், மற்றவற்றோடு எதிலீன் என்ற பொருளும் கலந்திருந்தது. நிலக்கரி வாயுவில் செடிகளைக் கெடுப்பது இந்த எதிலீனே என்பதை 1901இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நெல்யூபொவ் என்னும் மாணவர், பட்டாணி நாற்றுகளை ஆராய்ந்து வெளியிட்டார். எதிலீனைப் பற்றி நம் வாழைக்காய் மண்டிக்காரர்களுக்குச் சாஸ்திரம் சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டம் போட்டுத் தார்களைப் பழுக்கவைக்கும் புகையில் வேலை செய்வதும் அதுவேதான். காயைப் பழமாக்கும் அந்தப் பொருள், பூவைக் காம்பிலிருந்து உதிர்க்கவும் வல்லது. அதற்கு மிக எளிதில் இரையாகும் பூக்களில் ஒன்று ஆப்பிரிக்க வயலட். ஆகவே வாயு விளக்கு எரிந்த கூடங்களில் ஆஸ்பிடிஸ்டிரா போன்ற, பூவை எதிர்பாராமல் இலைக்காகவே வளர்க்கப்பட்ட முரட்டுச் செடிகளே தாக்குப்பிடித்தன. உசம்பராவின் பூவுக்கு அங்கே இடமில்லை. இன்றுங்கூட, பழுத்த வாழைப்பழச் சீப்பு வைத்திருக்கும் மேசையில் இந்தத் தொட்டியை வைத்தால், பூக்கள் காரணம் தெரியாமல் உதிர்வதைக் காணலாம்.

முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்க நகரங்களில் வீடு மாறலாயிற்று. மின்விளக்கு வந்தது, அறைதோறும் ஒரே சீரான உஷ்ணம் தரும் நீராவிக் குழாய்கள் வந்தன. இந்தச் சமயத்தில், 1926ஐ ஒட்டி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஆர்மகாஸ்ட் அண்டு ராய்ஸ்டன் என்னும் நாற்றுப்பண்ணையார், ஜெர்மனியின் பெனாரியிடமிருந்தும் இங்கிலாந்தின் சட்டன் கம்பெனியிடமிருந்தும் விதைகளை வரவழைத்து விதைத்தார்கள். முளைத்த நாற்றுகளைப் பார்த்துப் பார்த்துக் கழித்து, கடைசியில் பத்துச் செடிகளை மட்டும் நிறுத்தி, அவற்றுக்குப் பெயர் சூட்டி விற்றார்கள். அட்மிரல், வைக்கிங், நெப்டியூன், செய்லர் பாய் என்று பெரும்பாலும் கடல் சம்பந்தமான பெயர்கள். அவற்றுள் ப்ளூ பாய் என்ற செடியே மிகுந்த பிரசித்தி பெற்றது. வீட்டுக்குள் வாழும் உறுதியும் அதற்கு இருந்தது. எதிர்பாராத மாறுதல்களைத் தோற்றுவிக்கும் வளமும் அதற்கு இருந்தது. 1940ஐ ஒட்டிய சில ஆண்டுகளில், அடுக்கிதழ்ப் பூவும், இளஞ்சிவப்புப் பூவும், அடியில் வெண்மை படிந்த இலையும் அதன் வம்சத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். இந்தச் செடியை விதையால் மட்டுமன்றி இலையாலும் பெருக்கலாம். முதிர்ச்சிக்கும் இளமைக்கும் நடுத்தரமான ஓர் இலையை ஓர் அங்குலக் காம்போடு கிள்ளி, ஈர மணலில் ஊன்றிவைத்தால், சில வாரங்களில் வேர்விட்டு, இரண்டு மூன்று மாதங்களில் காம்பின் அடியில் குட்டிச் செடிகள் கிளம்பும். கண்ணாடிக்கூடமோ, தோட்டக்காரனோ, பணமோ வேண்டாத வித்தை இது. ஒரு வீட்டில் ஒரு செடி இருந்தால், கேட்ட அயல்வீட்டுக்கெல்லாம் ஓர் இலை போகும். இலைகள் ஈரக் காகிதத்தில் சுற்றப்பட்டுத் தபாலிலும் போயின. பெருமளவில் இவ்வாறு பெருகியபடியால், லட்சத்தில் ஒன்றாக நிகழும் மாறுதலும் யாரோ ஒருவருடைய ஜன்னலில் நிகழ்ந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்கு அது தப்பவில்லை. 1946இல் ஜார்ஜியா மாகாணத்தின் அட்லாண்டா நகரில் முதல் கண்காட்சி நடந்து, அமெரிக்க ஆப்பிரிக்க வயலட் சங்கம் தோன்றியது. அதன் உறுப்பினர்களில் மிகுதியானவர்கள் குடும்ப ஸ்திரீகள். தாவர சாஸ்திரப் பட்டம் பெறாத அவர்கள், எந்த ஜன்னலில் எத்தனை மணி நேர ஒளி, எந்த நீர், எவ்வளவு உரம் என்று சிரத்தையோடு எழுதி, ஒருவருக்கொருவர் சொல்லி, ஓர் அனுபவ சாஸ்திரத்தையே கட்டி எழுப்பினார்கள். 1938இல் சந்தைக்கு வந்த குழல்விளக்கு அவர்களுக்குப் பெருந்துணையாயிற்று. அதிக உஷ்ணமில்லாமல் பரந்த ஒளி தருவதால், அந்த விளக்கின் கீழே, சூரியனையே காணாத நிலவறைகளில்கூட அலமாரி அலமாரியாகச் செடிகள் பூத்தன.

அவர்கள் வகுத்த விதிகளில் முதன்மையானது நீர் பற்றியது. இந்த இலைமேல் குளிர்ந்த நீர் பட்டால் வெளிறிய வளையங்கள் தோன்றி, அவை என்றும் மறைவதில்லை. நீர்த்துளி சூரிய ஒளியைக் குவித்து எரிக்கிறது என்றே வெகுகாலம் நம்பினார்கள். நடப்பது வேறு. வெதுவெதுப்பாக உள்ள இலையைச் சட்டென்று குளிரவைக்கும்போது, மேல்தோலுக்கு அடியிலுள்ள பச்சைய உயிரணுக்கள் குலைந்துவிடுகின்றன. இலையின் உஷ்ணத்துக்கு ஒத்த நீர் பட்டால் தீங்கில்லை. உசம்பராவில் மழை நேராக இதன்மீது பொழிவதில்லை. மரக்கிளைகளில் தங்கி, பாசியில் ஊறி, காட்டின் உஷ்ணத்தையே தானும் அடைந்து பாறையில் கசிகிறது. அந்தக் கசிவை வீட்டில் எப்படிக் கொண்டுவருவது? தொட்டியை வெந்நீர் சற்றுக் கலந்த நீர்த்தட்டில் அரைமணி நேரம் வைத்து, மண் தானாக உறிஞ்சியபின் எஞ்சிய நீரைக் கொட்டிவிடுவது ஒரு வழி. தொட்டியின் அடித்துளை வழியே ஒரு நூல்திரியைச் செருகி, கீழே பாத்திரத்திலுள்ள நீரை எண்ணெய் விளக்குத் திரிபோல அது மேலே இழுக்கும்படி செய்வது மற்றொரு வழி. இரண்டிலும் நடுக்குருத்து நனைவதில்லை. குருத்தில் நீர் தங்கினால் அது அழுகிச் செடியே போய்விடும்.

தொட்டி சிறியதாக இருக்க வேண்டும். இலைவட்டத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கே போதும். தாராள மனத்தோடு பெரிய தொட்டியில் வைப்பவர்கள் செடியை அழுகவைப்பார்கள், ஏனெனில் பாறை வெடிப்பில் வாழ்ந்த வேருக்கு அதிக மண் என்பது அதிக ஈரம்தான். காலை வெயில் மட்டும் மெல்ல விழும் கிழக்கு ஜன்னல் உத்தமம். உஷ்ணம் 18 முதல் 24 டிகிரிக்குள் இருந்தால் அது இடைவிடாமல் பூக்கும். மண்ணெனப்படுவதும் உண்மையில் மண்ணல்ல. காற்றும் நீரும் ஒருங்கே தங்கும்படியான இலேசான கலவை. மேல்நாட்டார் அதற்குச் சதுப்புநிலங்களின் பீட் மக்கை வெட்டியெடுத்து உபயோகித்து வந்தார்கள். பீட் நிலங்களை அழிப்பது தகாது என்ற உணர்ச்சி பரவிய பிறகு, தென்னை நார்க்கழிவு அதன் இடத்தைப் பிடிக்கலாயிற்று. பொள்ளாச்சிப் பக்கத்துக் கயிற்றுத் தொழிற்சாலைகளின் ஓரத்தில் மலைமலையாகக் குவிந்து கிடந்த கழிவு, கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கப்பலேறி, அயல்நாட்டுத் தொட்டிகளில் வேர்களுக்கு ஆதாரமாக இருக்கிறது.

நம் பக்கத்தில் இச்செடிக்கு உகந்த சீதோஷ்ணம் மலைநகரங்களில்தான் இயல்பாக உண்டு. சமவெளியின் சித்திரை வெயிலில் இது வாடிச் சோர்ந்துவிடும். ஆனால் இதன் உறவினர்கள் நமக்கு அந்நியமல்லர். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், ஈரம் கசியும் நிழற்பாறைகளில், தரையோடு ஒட்டிய இலைகளோடு வளரும் ஜெர்டோனியா என்னும் சிறு செடி இதே குடும்பத்தைச் சேர்ந்தது. சென்னை ராஜதானியின் செடிகளை ஆராய்வதில் ஆயுளைச் செலவிட்ட ராபர்ட் வைட், பறவைகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற வைத்தியர் ஜெர்டனின் பெயரை அதற்கு இட்டார். அந்தப் பேரினத்தில் அது ஒன்றே இனம். நம் மலைகளைத் தவிர வேறெங்கும் அது இல்லை. உசம்பராவின் பூவை உலகம் முழுவதும் அறியும். நம் பாறையின் பூவையோ, மலையடிவாரத்திலேயே வசிக்கும் நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

ஜன்னல்களில் பெயரிட்ட வகைகள் ஆயிரக்கணக்காகப் பெருகியபோது, காட்டுச் செடிகளை ஒழுங்காக ஆராய்ந்தவர் எடின்பரோ தாவரத் தோட்டத்தின் பி. எல். பர்ட். பாரன் அனுப்பியது ஒரே இனம் என்று உலகம் அரை நூற்றாண்டாக நம்பியிருக்க, அதில் இரண்டு இனங்கள் கலந்திருந்தன என்பதை அவரே எடுத்துக்காட்டினார். அவர் ஏறக்குறைய இருபது இனங்களாகப் பிரித்ததைப் பின்வந்தவர்கள் 2006இல் ஆறாகக் குறைத்தார்கள். 2015இல் மூலக்கூற்று ஆராய்ச்சியின் பயனாகச் செயின்ட்பாலியா என்ற பேரினமே ஸ்ட்ரெப்டோகார்பஸ் என்னும் பெரிய பேரினத்தில் அடங்கிவிட்டது. பெயர்கள் சுருங்கினாலும் காட்டிலுள்ள செடிகளின் நிலைமை அதனால் சீரடையவில்லை. சில வடிவங்கள் ஒரு சில பாறைகளில் மட்டுமே வாழ்கின்றன. அந்தப் பாறையை எவரும் தொட வேண்டியதுகூட இல்லை. மேலே நிற்கும் ஒரு மரம் சாய்ந்தால் போதும், வெயில் இறங்கி, பாசி காய்ந்து, செடி கருகிப்போகிறது. 1997இல் அமானியைச் சுற்றிய காடு இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது பெரிய நற்செயல். ஆனால் காப்பகத்தின் எல்லைக்கு வெளியிலும் பாறைகள் இருக்கின்றன.

ஆகவேதான், அடுக்கிதழும் பலவர்ணமும் உள்ள வகைகளை விரும்புகிறவர்களுக்கு நடுவே, மெலிந்த ஊதாப் பூக்களையுடைய காட்டு வடிவங்களை மட்டும் வளர்க்கும் சிலரை நான் மிகவும் மதிக்கிறேன். போட்டிகளில் பெரும்பரிசு பெறுவதற்குரிய ஆடம்பரம் அச்செடிகளிடம் இல்லை. ஆனால் எந்தப் பாறையிலிருந்து, யாரால், எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு ஒவ்வொன்றோடும் இருக்கிறது. இலை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் போகும்போது அந்தக் குறிப்பும் கூடவே எழுதித் தரப்படுகிறது. காட்டு வயலட்டின் இலை ஒன்று யாரேனும் தர முன்வந்தால், இலையை வாங்குவதற்கு முன் அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அது இல்லாத செடி பூக்கும், ஆனால் தான் வந்த காட்டைப் பற்றித் தாவர சாஸ்திரிக்கு எதுவும் தெரிவிக்காது.